சிஸ்டரக்காவும் பதினான்கு பவளங்களும்

வீடு பார்க்கப் போன அன்று கூடத்தில் ஒரு சலைன் ஸ்டாண்டு நின்றது. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்குமே, அதே சக்கரம் வைத்த கம்பிதான். பாட்டில் தொங்கியது. அதிலிருந்து குழாய் இறங்கி, சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்துகொண்டிருந்தது. நோயாளி இருக்கிற வீட்டிலா குடிவருவது என்று மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாருக்கும்மா உடம்பு சரியில்லை?" என்று கேட்டேன்.

"யாருக்கும் ஒண்ணுமில்லை சாரே. அவங்களுக்குச் சுண்ணாம்புத் தண்ணி ஏறுது," என்றார் வீட்டுக்கார அம்மாள்.

குழாய் போன பக்கம் பார்த்தேன். சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே நீல வெளிச்சம். மான்கொம்பு மாதிரி கிளைத்த ஒன்று, மனித மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக ஒன்று, தட்டின் மேல் தட்டாக அடுக்கியது போல ஒன்று என்று பதினான்கு பவளங்கள். கல் என்றுதான் நினைத்தேன். கிட்டே போனதும் ஒவ்வொன்றின் மேலும் ஆயிரம் சின்னஞ்சிறு வாய்கள் திறந்து மூடுவது தெரிந்தது.

கன்னியாகுமரிப் பக்கத்துக் கொட்டாரத்தில் எனக்கு ஆறு வருடம் ஓடியது அந்த வீட்டு மாடியில்தான். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவன். அந்த அம்மாளுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். மஸ்கட்டில் இருபத்திரண்டு வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். நர்ஸ் என்பதால் சிலர் சிஸ்டர் என்றார்கள், சிலர் அக்கா என்றார்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டு தெரு முழுக்க 'சிஸ்டரக்கா' ஆகிவிட்டது. ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரே சமயத்தில் அக்கா. அவரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

வீடு பிடித்திருக்கிறது, எப்போது வரலாம் என்று அன்றைக்குக் கேட்டோம்.

"நாளைக்குச் சொல்லுகேன்," என்றார்.

எங்களைப் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டிக்கொண்டு அன்று சாயங்காலமே வேறு இரண்டு வீடு பார்த்தோம். மறுநாள் காலை சரியாக எட்டு மணிக்கு போன் வந்தது. "ஞாயித்துக்கிழமை பாலு காய்ச்சிருங்க."

அந்த 'நாளைக்குச் சொல்லுகேன்' எங்களுக்கு மட்டும் சொன்னதல்ல என்று போகப்போகத் தெரிந்தது. தேவாலயத்தில் பாடகர் குழுவுக்குள் சண்டை வந்து, இரண்டு தரப்பும் அவரிடம் வந்து நியாயம் கேட்டால், நாளைக்குச் சொல்லுகேன். மகளுக்கு வரன் வந்தால், நாளைக்குச் சொல்லுகேன். மீன்காரி கூடையை இறக்கி, "அக்கா, நெய்மீனு எடுக்கட்டா?" என்றால்கூட ஒரு நிமிடம் யோசித்து, "நாளைக்குப் பாப்போம் பிள்ளே" என்பார். மீன்காரி தலையில் அடித்துக்கொண்டு, "நாளைக்கு இந்த மீனு நாறிப்போவும்லா!" என்று கத்திவிட்டுப் போவாள்.

சோம்பேறித்தனம் என்று நினைத்தால் தவறு. அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு அட்டையில் சார்ட் தொங்கும். நோயாளியின் கால்மாட்டில் தொங்குமே, அதே மாதிரி. சூடு, உப்பு, கால்சியம், மெக்னீசியம், காரத்தன்மை என்று ஐந்து வரிசை. சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுகிற இடத்தில் நிறுத்தி, எண்ணை எழுதிக் கையெழுத்தும் போடுவார். பார்க்க யாரும் இல்லாத சார்ட்டில் கையெழுத்து எதற்கு என்று கேட்டேன்.

"யாரு பாத்தா என்ன, பாக்காட்டா என்ன சாரே. எழுதினது நான்தானே."

பவளம் தன் எலும்பைத் தானே கட்டுகிற உயிர். அதற்காகத் தண்ணீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக்கொண்டே இருக்கும். எடுக்க எடுக்க நாம் திரும்பக் கொடுக்க வேண்டும். ஆனால் மொத்தமாகக் கொட்டினால் தாங்காது. அதனால்தான் அந்தச் சலைன் ஸ்டாண்டு. நிமிடத்துக்கு இத்தனை சொட்டு என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணி, குழாயின் சக்கரத்தைத் திருகி வைப்பார். இருபத்திரண்டு வருடம் மனிதர்களுக்கு எண்ணிய கை.

ஒருநாள் அவசரத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நோயாளிக்கு ரத்தத்தில் உப்பு ரொம்பக் குறைந்துபோனதாம். பார்த்தவர்களுக்குப் பதற்றம். ஒரே நாளில் மேலே கொண்டுவந்துவிட்டார்கள். எண் சரியாகிவிட்டது, ஆள் எழுந்திருக்கவே இல்லை. "கொறஞ்சது கொல்லலை சாரே. ஏத்தினதுதான் கொன்னுச்சு. அன்னையிலேருந்து எனக்கு எதையும் சட்டுன்னு செய்ய கை வராது." சொல்லிவிட்டுச் சொட்டை எண்ணப் போய்விட்டார்.

இதெல்லாம் தெரிந்தும் நான் ஒரு வேலை செய்தேன்.

மகளைப் பார்க்க அவர் இரண்டு நாள் பெங்களூர் போக வேண்டி வந்தது. சாவியை என்னிடம் கொடுத்து, "அளந்து எழுதி வைங்க சாரே, அது மட்டும் போதும்" என்றார். வேதியியல் ஆசிரியரிடம் சோதனைக் குழாயைக் கொடுத்தால் சும்மா இருப்பானா? முதல் நாள் காரத்தன்மை கொஞ்சம் இறங்கியிருந்தது. கணக்குப் போட்டேன். எவ்வளவு சோடா உப்புப் போட்டால் சரியாகும் என்று கடைசிப் புள்ளி வரை விடை வந்தது. அலமாரியில் அவர் வைத்திருந்த டப்பாவிலிருந்து அளந்து எடுத்து, கரைத்து, ஒரேயடியாக ஊற்றினேன். ஒரு மணி நேரத்தில் எண் சரியாக வந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மறுநாள் காலை மான்கொம்பின் நுனிகள் எல்லாம் வெந்துபோனது போல வெளுத்திருந்தன.

அவர் வந்து பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே சொல்லிவிட்டேன். மறைக்கவும் முடியாது, சார்ட்டில் என் கையெழுத்தே இருந்தது. அவர் கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "போய்ச் சாப்பிடுங்க, சாரே," என்றார். வீட்டைக் காலி செய்யச் சொல்வார் என்று மனைவி சொன்னாள். சொன்னாலும் தப்பில்லை என்றும் சொன்னாள்.

மறுநாள் காலை மாடிப்படியில் செருப்புச் சத்தம். கையில் அதே சாவி.

"அடுத்த வெள்ளிக்கிழமையும் எனக்கு பெங்களூர் போணும். நீங்கதான் பாக்கணும்."

"நானா?"

"ஒருதடவை சுட்டுக்கிட்டவரு இனி ஊத்த மாட்டாருல்லா. புதுசா ஒரு ஆளைப் பழக்க எனக்குத் தெம்பில்லை." சிரித்துவிட்டு இறங்கிப் போனார். நேற்று கேட்டிருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பாரோ என்னவோ.

எதிர்வீட்டில் லாரி அண்ணாச்சி இருந்தார். நாற்பது வருடம் லாரி ஓட்டி, அதற்கிணையாக பீடியும் குடித்து, நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். மூக்கில் குழாயோடு வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் புஸ்ஸுபுஸ்ஸு என்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். மூச்சுக்குத்தான் பஞ்சம், பேச்சுக்கு இல்லை. போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "மஸ்கட்டுல சம்பாரிச்சு வந்து கல்லுக்குக் கஞ்சி ஊத்துகா, பாத்தியளா!" என்பார்.

அவர்கள் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோன காரணம் ஒரு சூட்டுக் காற்று. நம் ஊர் வெயிலில் பவளத் தண்ணீரைக் குளிர வைக்க ஒரு மிஷின் வேண்டும். அது தண்ணீரைக் குளிர்த்துவிட்டு, சூட்டை வெளியே தள்ளும். தள்ளிய இடம் நேர் எதிரே அண்ணாச்சியின் வராந்தா. அவர் தெருவில் நின்று மூச்சு வாங்க வாங்கக் கத்தினார். "ஏம்மா, உனக்க கல்லு குளுந்து கெடக்கணும், நான் இங்க வெந்து சாவணுமா?"

"நாளைக்குச் சொல்லுகேன் அண்ணாச்சி," என்றார் சிஸ்டரக்கா.

அண்ணாச்சிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் மறுநாளே கொத்தனார் வந்து சுவரில் வேறு ஓட்டை போட்டார். மிஷின் திரும்பியது. இப்போது சூட்டுக் காற்று சிஸ்டரக்காவின் சமையலறைக்குள்ளேயே அடித்தது. வெயில் காலத்தில் அவர் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு சமைத்ததை நானே பார்த்திருக்கிறேன். அண்ணாச்சி அதற்காக ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. "நாளைக்காம் நாளைக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்தான், இரண்டு வருடம் திரும்பவே இல்லை.

அப்புறம் அந்தப் புயல் வந்தது.

விடியும்போதே கரண்டு போய்விட்டது. எட்டு மணிக்குக் காற்று என்றால் அப்படி ஒரு காற்று. தெருமுனையில் நின்ற புளியமரம் சாய்ந்து ரோட்டை அடைத்தது. அதன் மேலேயே இரண்டு தென்னைகள். போனில் சிக்னல் இல்லை. சிஸ்டரக்கா வீட்டில் மட்டும் தொட்டி ஓடிக்கொண்டிருந்தது. இதற்காகவே பெரிய இன்வெர்ட்டரும் இரண்டு பேட்டரியும் வைத்திருந்தார். நானும் மனைவியும் கீழே வந்து அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். "சுருக்கமா ஓட்டினா நாளைக்கு ராத்திரி வரைக்கும் தாங்கும்," என்று அவர் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது கதவைத் தட்டும் சத்தம். லாரி அண்ணாச்சியின் மனைவி, முழுக்க நனைந்து நின்றார்.

"சிஸ்டரக்கா, மிஷினு நின்னுபோச்சு. சிலிண்டரு இருக்கது ஒண்ணுதான். முள்ளு கீழ எறங்குகது எனக்கே தெரியுது..."

சிஸ்டரக்கா நேராக எழுந்து போய்த் தொட்டியின் பிளக்கை உருவினார். அலை நின்றது, விளக்கு அணைந்தது. திரும்பி என்னைப் பார்த்து, "சாரே, பக்கத்து வீட்டுல கட்டட வேலைக்கு வச்சிருக்க கைவண்டியை எடுத்துட்டு வாங்க," என்றார். அண்ணாச்சியின் மனைவியிடம், "மைனி, வாருங்க போவோம்," என்றார். நான் செருப்பைத் தேடி முடிப்பதற்குள் அவர் மழையில் தெருவைக் கடந்துவிட்டார். சிஸ்டரக்கா ஓடியதை ஆறு வருடத்தில் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

தெருவில் மூன்று பேரைச் சேர்த்து, இன்வெர்ட்டரையும் பேட்டரிகளையும் தார்ப்பாயில் சுற்றி, கைவண்டியில் வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அங்கே அண்ணாச்சி உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தார். சிஸ்டரக்கா அவர் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டி எண்ணைப் பார்த்துக்கொண்டே, சிலிண்டரின் திருகைக் குறைத்து வைத்திருந்தார்.

"ஏம்மா, கூட்டி வையேன்... மூச்சு முட்டுகு..."

"எம்பத்தெட்டு நிக்கி அண்ணாச்சி, உங்க நெஞ்சுக்கு அது போதும். கூட்டினா சிலிண்டரும் தீந்துரும், உங்களுக்கும் ஆவாது. என் கையைப் பிடிச்சிக்கிடுங்க. மெதுவா விடுங்க மூச்சை. எங்கூட சேந்து விடுங்க."

இன்வெர்ட்டரை மாட்டியதும் மிஷின் புஸ்ஸென்று உயிர் பிடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அண்ணாச்சியின் மனைவி தரையில் உட்கார்ந்து அழுதார். மறுநாள் மதியம் தெருக்காரர்கள் வெட்டரிவாளும் ரம்பமுமாக மரத்தை அறுத்து வழி எடுத்த பிறகுதான் ஆம்புலன்ஸ் உள்ளே வர முடிந்தது. அண்ணாச்சி நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார். பேட்டரிகளில் ஒரு சொட்டு மின்சாரம் மிச்சமில்லை.

கரண்டு வர ஐந்து நாள் ஆனது.

அலை இல்லாவிட்டால் பவளத்துக்கு மூச்சு இல்லை. மின்சாரம் இல்லாதபோது அலையைக் கையால்தான் உண்டாக்க வேண்டும். குளியலறை மக்கில் தொட்டித் தண்ணீரை மொண்டு, ஒரு முழம் உயரத்திலிருந்து திரும்ப ஊற்ற வேண்டும். பத்து நிமிடம் ஊற்றி, பத்து நிமிடம் ஓய்வு. முதல் நாள் நானும் மனைவியும் ஊற்றினோம். தோள் கழன்றுபோனது. இரண்டாம் நாள் அண்ணாச்சியின் மருமகள் மக்கோடு வந்து நின்றாள். மூன்றாம் நாள் தெருவே வந்துவிட்டது. டிவி இல்லை, போன் இல்லை, கடை இல்லை. ஜெப சங்கத்துப் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டே தாளத்துக்கு ஊற்றினார்கள். அடுத்த தெருவிலிருந்து நெற்றியில் வெள்ளை நாமத்தோடு ஒரு அய்யாவழி சமயப் பெரியவர் வந்து, தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "தள்ளும்மா, நீங்க பாட்டுக்கு ஊத்துகியோ, நான் தண்ணிக்கு ஊத்துகேன்" என்று ஒரு மணி நேரம் இடைவிடாமல் ஊற்றினார். மழை விட்டு வெயில் வந்ததும் தண்ணீர் சூடேறத் தொடங்க, சிலர் பனைவிசிறியை எடுத்து வீசினார்கள். சார்ட்டின் பின்பக்கத்தில் யாருக்கு எத்தனை மணி என்று முறை எழுதியாயிற்று.

சிஸ்டரக்கா பகலில் வீட்டிலேயே இல்லை. கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போன ஆண்கள் திரும்பவில்லை. பெண்கள் கோயில் முற்றத்தில் சாப்பிடாமல் காத்துக் கிடந்தார்கள். அங்கே ரத்த அழுத்தம் பார்க்க, மயங்கியவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க என்று காலையிலேயே போய்விடுவார். இந்தச் சமயத்தில் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறோமே என்று எனக்கே கூச்சமாக இருந்தது. அவரிடம் சொன்னேன்.

"அங்க காத்து நிக்கதுதான் செய்ய முடியும் சாரே. இங்க செய்யதுக்கு ஒண்ணு இருக்கு. இருக்கதைச் செய்யுங்க," என்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

ஆறாம் நாள் கரண்டு வந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். ஆனால் பதினான்கில் ஒன்பது செத்துப்போயிருந்தன. மிஞ்சிய ஐந்தும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தன. பவளத்துக்கு நிறம் கொடுப்பது அதன் உடம்புக்குள் குடியிருக்கிற நுண்ணிய பாசி. உயிருக்கு ஆபத்து வந்தால் பாசி போய்விடும். வெளுத்தது எல்லாம் செத்ததல்ல. குடியிருந்தவர்கள் காலி செய்த வீடு மாதிரி, திரும்ப வந்தால் உண்டு.

செத்தவற்றை அவர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். மிஞ்சிய ஐந்தில் ஒன்றான மான்கொம்பையும் எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். அதிலும் அடியில் விரல் அகலத்துக்குத்தான் உயிர் இருந்தது. அதை மட்டும் வெட்டித் திரும்ப உள்ளே வைத்தார். அப்புறம் சலைன் ஸ்டாண்டை நகர்த்திவந்து பாட்டிலை மாட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினார். முன்பு விட்டதில் கால்பங்கு சொட்டு.

பத்து நாள் கழித்து அண்ணாச்சி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். சின்ன சிலிண்டரை மனைவி தூக்கிக்கொள்ள, தெருவைத் தாண்டி, அந்த வீட்டுப் படியில் முதல்தடவையாக ஏறினார். தொட்டியின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். உள்ளே மிஞ்சியவற்றை விரலால் எண்ணினார். பிறகு சொன்னார்.

"எம்மா... எனக்க மூச்சுக்காவ இதுவ மூச்சில்லாம செத்துப்போச்சே."

"நீங்க செத்திருந்தா நான் யாருகிட்ட ஏச்சு வாங்குவேன் அண்ணாச்சி? இந்தத் தெருவுல வேற ஒருத்தருக்கும் அந்த அளவுக்கு வாய் இல்லை."

சிரிக்கப் போய் அவருக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து, மிஞ்சிய வெள்ளைத் துண்டைக் காட்டி, "இது பொழைக்குமா?" என்றார்.

"தெரியாது. தினமும் பாத்தாத்தான் தெரியும்."

அவர் அதைக் கட்டளை மாதிரி எடுத்துக்கொண்டார். தினமும் பத்து மணிக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். இரண்டாம் மாதத்தில் ஒருநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது தெருவே அதிர்கிற குரல். "ஏய், எல்லாரும் வாங்க! பழுப்புத் தட்டியிருக்கு, பழுப்பு!" மக் பிடித்த கைகள் எல்லாம் ஓடி வந்தன. மான்கொம்புத் துண்டின் அடியில், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, தேநீர்க்கறை போல ஒரு நிறம். அன்று அண்ணாச்சி செலவில் தெருவுக்கே நேந்திரங்காய்ச் சிப்ஸ்.

அதன் பிறகு மூன்று வருடம் அவை வளர்ந்தன. மான்கொம்பு ஒரு சாண் ஆனது.

மகள் கல்யாணமாகி அயர்லாந்து போய், பிள்ளை பெற்று, திரும்ப வேலைக்குப் போக வேண்டி வந்தபோது சிஸ்டரக்காவைக் கூப்பிட்டாள். போனால் எப்போது திரும்புவது என்று சொல்ல முடியாது. தொட்டியை என்ன செய்வது என்று நாங்கள் எல்லாரும் யோசித்தோம். எனக்கோ மாற்றல் உத்தரவு வந்திருந்தது. கொச்சியில் ஒரு ஆள் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அண்ணாச்சி கேட்டார், "என்னத்துக்குக் கொச்சிக்கு அனுப்பணும்? எனக்க வீட்டுல சுவரு இல்லையா?"

எதிர்வீட்டுக்குப் பத்தடி தூரம். அந்தப் பத்தடியைக் கடக்க ஒரு பகல் முழுக்க ஆனது. ஐந்து பவளங்களும் ஐந்து வாளிகளில் போயின. பழைய தண்ணீர் கேன் கேனாகப் போனது. வெளிநாட்டுப் பண்ணையில் வளர்த்தவை என்பதற்கான காகிதங்கள் அடங்கிய ஃபைலும் போனது. நம் கடல் பவளத்தைத் தொட்டால் சட்டத்துக்குப் புலியைத் தொட்ட மாதிரி என்று சொல்லிக்கொண்டே சிஸ்டரக்கா ஒவ்வொரு காகிதத்தையும் அண்ணாச்சியின் மருமகளுக்கு விளக்கினார். குளிர்விக்கும் மிஷினை வைக்கும்போது, சூட்டுக் காற்று எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கேட்டார் எலக்ட்ரீஷியன். அண்ணாச்சியும் அவர் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் கொல்லைப் பக்கம் வாழைக்குப் போனது.

விளக்கைப் போட்டபோது ஐந்தும் சுருங்கி மூடிக்கொண்டிருந்தன. இடம் மாறிய பயம். திறக்க நாலைந்து நாள் ஆகும். சிஸ்டரக்காவுக்கு மறுநாள் காலை திருவனந்தபுரத்தில் விமானம். திறப்பதைப் பார்க்காமலேயே கிளம்பினார்.

நான்காம் நாள் திறந்தன. நான் அப்போது சாமான் கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சியின் மருமகள் வந்து கூப்பிட, ஓடினேன். வீடியோ அழைப்பு போட்டோம். அங்கே கம்பளிச் சட்டையோடு சிஸ்டரக்கா, இடுப்பில் பேத்தி. அண்ணாச்சி போனைத் தொட்டிக்கு நேரே பிடித்தார். மான்கொம்பின் ஒவ்வொரு நுனியிலும் ஊதா. அந்தப் பக்கத்தில் சிஸ்டரக்கா கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு கண்ணைச் சுருக்கினார். "அண்ணாச்சி, அந்த இடது பக்கத்து விளக்கு கொஞ்சம் சாஞ்சு இருக்கோ?"

"இதா, இப்ப நேராக்கிருகேன்," என்று அண்ணாச்சி போனை என்னிடம் கொடுத்துவிட்டு, மூக்குக் குழாயை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் கால் வைத்து ஏறத் தொடங்கினார். சமையலறையிலிருந்து அவர் மனைவியும் அயர்லாந்திலிருந்து சிஸ்டரக்காவும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"எறங்குங்க கீழ!"

அண்ணாச்சி இறங்கவில்லை. விளக்கை நேராக்கிவிட்டுத்தான் இறங்கினார்.